தடம் தேடும் வேகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் காப்பியமும் பேசப்படும் இந்த அவையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச நான் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விடுமுறை நாளின் முன்னிரவில் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் வீடு உள்ளவர்களைக் கேளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். சைலன்சரை மாற்றிய வண்டிகள் கூட்டமாகக் கிழித்துக்கொண்டு போகும் ஓசையை அவர்கள் அறிவார்கள். மறுநாள் காலைச் செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும் நான்கு வரிச் செய்தியையும் அறிவார்கள். அந்த நான்கு வரியில் இறந்துபோகிறவன் பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டாதவன். நம் தெருவில் வளர்ந்தவன். அவனைப் பற்றி இலக்கிய வட்டம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

வீரவிளையாட்டு நம் இலக்கியத்திற்குப் புதிய பொருள் அன்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவுதலை எத்தனை நுட்பமாகக் காட்டுகிறது என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காளையின் நிறம், கொம்பின் வளைவு, தொழுவத்தின் புழுதி, பாயும் இளைஞனின் கை, பார்த்து நிற்கும் பெண்ணின் நெஞ்சு ஆகிய யாவும் அதில் உண்டு. நம் காலத்தில் சி.சு. செல்லப்பா ‘வாடிவாசல்’ எழுதினார். ஒரு பிற்பகலில் நடந்து முடியும் ஒரு விளையாட்டுக்குள் தலைமுறைப் பகையையும் மானத்தையும் மனிதன்–விலங்கு உறவையும் அவரால் அடக்கிக் காட்ட முடிந்தது. காளைக்குக் கிடைத்த இலக்கிய மதிப்பு இயந்திரத்திற்கு ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் முதல் கேள்வி. அந்த மதிப்பு கிடைக்காததால் யாருக்கு இழப்பு என்பது இரண்டாவது கேள்வி.

நான் சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகம் என்பது பிறவியிலேயே வரும் துணிச்சல் அன்று. அது படிப்படியாகப் பயில வேண்டிய ஓர் ஒழுக்கம். பயில்வதற்குத் தடமும் ஆசானும் விதியும் வேண்டும், விழுந்தால் தூக்கும் கையும் வேண்டும். இவை உள்ள சமுதாயத்தில் வேகம் விளையாட்டாகிறது. இவை இல்லாத சமுதாயத்தில் அதே வேகம் நெடுஞ்சாலையில் உயிரைக் குடிக்கிறது.

இதை விளக்க முதலில் உங்களைச் சற்றுத் தொலைவான ஒரு நாட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். இங்கிலாந்தில் ‘ஸ்பீட்வே’ என்றொரு பந்தயம் உண்டு. ஆஸ்திரேலியாவில் மேற்கு மெயிட்லாண்ட் என்ற ஊரில் 1923-இல் நடந்த பந்தயங்களை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனுக்கு அருகில் எப்பிங் காட்டை ஒட்டிய ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தோடு அது இங்கிலாந்தில் வேர் பிடித்தது. ஏற்பாடு செய்தவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் அன்று திரண்டது. மறு ஆண்டே அணிகள் மோதும் லீக் முறை தொடங்கிவிட்டது.

அந்த வண்டியின் அமைப்பைக் கேட்டால் வியப்பீர்கள். 500 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் என்ஜின். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். ஒரே ஒரு கியர். பிரேக் என்பதே கிடையாது. எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி. தளர்ந்த மண் பரப்பிய நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் புறப்பட்டு நான்கு சுற்று ஓடுவார்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல்வருக்கு மூன்று புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை.

பிரேக் இல்லாத வண்டியில் வளைவை எப்படிக் கடப்பது? இங்குதான் கலை இருக்கிறது. வளைவு நெருங்கும்போது வீரன் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிடுகிறான். வண்டியின் பின்பகுதி வெளிப்புறம் வீசப்படுகிறது. உடனே முன்சக்கரத்தை வளைவுக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பிடிக்கிறான். இடக்காலில் கட்டிய இரும்புக் காலணி தரையைத் தேய்த்துச் செல்கிறது. வலக்கை ஆக்ஸிலரேட்டரைக் கூட்டியும் குறைத்தும் அந்தச் சறுக்கலை ஆள்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிவிட்டால் சறுக்கிய சக்கரம் திடீரென்று தரையைப் பற்றும், வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அஞ்சிக் கையை இழுப்பவன் விழுகிறான். அஞ்சாமல் முறுக்குபவனும் விழுகிறான். அளவறிந்தவன் மட்டும் வளைவைக் கடக்கிறான்.

பிரேக் இல்லாததற்கும் ஒரு நியாயம் சொல்வார்கள். முன்னால் போகிறவன் திடீரென்று வேகத்தைத் தடுத்தால் ஒட்டிப் பின்னால் வருபவன் அவன்மீது ஏறிவிடுவான். எவரிடமும் பிரேக் இல்லையென்றால் அந்தத் திடீர் நிகழ்வுக்கே இடமில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் என்ன செய்வார் என்பதை ஓரளவு அறிந்தே ஓடுகிறார்கள். பொதுச்சாலையில் இந்த அறிவுக்கு வழியே இல்லை. எதிரே தண்ணீர் லாரி வரலாம், குறுக்கே மாடு வரலாம், பள்ளி விட்டு வரும் குழந்தையும் வரலாம்.

இந்தக் கலையை அங்கே எங்கே கற்கிறார்கள்? புல்வெளியில் கற்கிறார்கள். ‘கிராஸ் டிராக்’ என்று அதற்குப் பெயர். கோடையில் ஒரு குடியானவரின் நிலத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிக்கொண்டு, கயிறும் கம்பும் நட்டு நீள்வட்டம் அமைத்து, உள்ளூர்ச் சங்கமே பந்தயம் நடத்துகிறது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் மிகச் சிறிய என்ஜின் பொருத்திய வண்டிகளில் ஓடுகிறார்கள். தந்தை ஸ்பானர் பிடிக்கிறார், தாய் பதிவேடு எழுதுகிறார், பாட்டனார் கொடி அசைக்கிறார். வயது கூடக் கூட என்ஜினும் கூடுகிறது. பதினைந்து, பதினாறு வயதில் திறமை தெரிந்த பிள்ளை லீகின் கீழ்ப்படியில் ஏதேனும் ஓர் ஊர் அணியில் இடம் பெறுகிறான். பெறும் புள்ளிக்கு ஏற்ப அவனுக்குப் பணம் கிடைக்கிறது. வண்டிச் செலவையும் வேன் செலவையும் அதிலிருந்தே சமாளிக்க வேண்டும். பெரிய செல்வம் சேர்வதில்லை. ஏறிச் செல்ல ஓர் ஏணி இருக்கிறது, அவ்வளவே.

அந்த ஏணியில் ஏறியவர்களுள் டை வொஃபின்டன் குறிப்பிடத்தக்கவர். 1990-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் ஆஸ்திரேலியா சென்றவர். தந்தையும் பந்தய வீரர். 2006-இல் பதினாறு வயதை எட்டும் நிலையில் இங்கிலாந்து திரும்பி, பிறந்த ஊரின் அணிக்காகவே கீழ்நிலை லீகில் ஓடத் தொடங்கினார். 2010-இல் உலகச் சாம்பியன் தொடருக்குள் நுழைந்தபோது பட்டியலின் கடைப்பகுதியில்தான் அவரால் நிற்க முடிந்தது. அதே ஆண்டுதான் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். நம்மவர்களாக இருந்தால் ‘பையனுக்கு ராசியில்லை’ என்று முடித்திருப்போம். அங்கே அவருக்கு ஓட லீக் இருந்தது, அணி இருந்தது, ஒவ்வொரு வாரமும் பந்தயம் இருந்தது. மூன்றாண்டுகள் கழித்து 2013-இல், காறை எலும்பு முறிந்த நிலையிலும் விடாது ஓடி, உலகச் சாம்பியன் ஆனார். 2000-க்குப் பின் ஒரு பிரிட்டானியருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. 2015-இலும் 2018-இலும் மீண்டும் வென்றார். மும்முறை வென்ற முதல் பிரிட்டானியர் அவரே.

இந்தக் கதையை வெற்றியோடு நிறுத்துவது நேர்மையாகாது. 2025 மார்ச் இறுதியில், பருவத் தொடக்கத்திற்கு முன் போலந்தின் குரோஸ்னோ நகரில் நடந்த ஒரு பந்தயத்தில் அவர் விழுந்து, உடலெங்கும் எலும்புகள் முறிந்து, பல அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளானார். மூன்று உலகப் பட்டங்களும் இருபதாண்டுப் பயிற்சியும் அவரை அந்த வீழ்ச்சியிலிருந்து காக்கவில்லை. ஒழுக்கம் ஆபத்தைக் குறைக்கும். அடியோடு நீக்காது. இதை அறிந்ததால்தான் அந்நாட்டு ஸ்பீட்வே உலகம் காயமுற்ற வீரர்களுக்கென்று தனி நல நிதி ஒன்றைப் பல தலைமுறைகளாக வைத்திருக்கிறது. பந்தய இரவுகளில் பார்வையாளர்களிடையே உண்டியல் சுற்றி வருவதும் உண்டு. கைதட்டியவர்களே கைகொடுக்கவும் வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

அங்கேயும் இன்று எல்லாம் செழிப்பாக இல்லை. கவென்ட்ரி அணியின் புகழ்பெற்ற பிராண்டன் அரங்கில் 2016-க்குப் பின் பந்தயம் இல்லை. பீட்டர்பரோவில் 2023-உடன் நின்றுவிட்டது. நிலத்தின் விலை ஏறும்போது முதலில் பறிபோவது விளையாட்டுத் திடல்தான். இந்தச் செய்தி தாம்பரத்துக்காரர்களான நமக்குப் புதிதன்று. நம் பிள்ளைகள் பந்தாடிய மைதானங்கள் எத்தனை இன்று அடுக்குமாடிகளாக நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மோட்டார் பந்தயம் நமக்கு அந்நியமானது என்று சொல்வோர் சென்னையின் வரலாற்றை அறியாதவர்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. வடசென்னையைத் தாண்டிச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போடப்பட்டுப் பின் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. ஆண்டின் தொடக்கத்தில் சோழவரத்திற்குச் செல்வது பல குடும்பங்களுக்குப் பொங்கல் போலவே ஒரு திருவிழா. வைக்கோல் கட்டுகளே தடுப்பு, தார்ப்பாயே கூடாரம். பெரும் செல்வர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் ஒரே புழுதியை உண்டார்கள். ஆர்.ஏ. அப்துல்லா போன்ற வீரர்கள் தேசியப் பட்டங்களைப் பலமுறை வென்றது அந்த மரபில்தான்.

பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில், 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதனின் நினைவாக 2003-இல் மற்றொரு தடம் உருவானது. இந்தியாவில் நிரந்தரப் பந்தயத் தடங்களே விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் சில தமிழ்நாட்டில் உள்ளன. இதை நாம் போதிய அளவு பெருமையுடன் சொல்லிக்கொள்வதில்லை.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம் வழியே இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய முப்பது கி.மீ. தான். படப்பை வழியே ஒரகடம் சென்றால், 2013 முதல் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆலை அங்கே இயங்குகிறது. அருகே வல்லம் வடகாலில் 2015 முதல் யமாஹாவின் ஆலை இயங்குகிறது. உலகின் பல நாடுகளுக்குச் செல்லும் வண்டிகள் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உருவாகின்றன. அவற்றைப் பொருத்தும் கைகள் நம் பிள்ளைகளின் கைகள். அந்த வண்டியை முறையாக ஓட்டிப் பழக, அப்பிள்ளைகளுக்கு ஒரு பிடி மண்தடம்கூட நம் ஊரில் இல்லை.

மேலே ஏறியவர்கள் இல்லாமல் இல்லை. அப்துல்லாவின் மகள் அலிஷா அப்துல்லா சிறுவயதிலேயே கோ-கார்ட் ஓட்டத் தொடங்கி, பிறகு மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு மோதிப் பெயர் பெற்றார். தந்தையே ஆசானாக வாய்த்தது அவருக்குக் கிடைத்த பேறு. சென்னையைச் சேர்ந்த எஸ். சரத்குமார் 2011-இல் 125 சி.சி. பிரிவில் உலகச் சாம்பியன் போட்டியில் ஓடினார். கிராண்ட் பிரீ மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே. கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா மண்தடப் பந்தயமான சூப்பர்கிராஸில் தேசியப் பட்டங்களை வென்று, அங்கிருந்து பாலைவன நெடுந்தொலைவுப் பந்தயத்திற்குச் சென்றார். 2024-இல் சவுதி அரேபியாவில் நடந்த டக்கார் பந்தயத்தில் தம் பிரிவில் முதலிடமும், மோட்டார் சைக்கிள்கள் அனைத்தின் வரிசையில் பதினோராவது இடமும் பெற்றார்.

இவர்களுள் சரத்குமாரின் அனுபவத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உலகப் போட்டியில் அவர் புள்ளி எதுவும் பெறவில்லை. உடனே, ‘நம்மவர்களால் அவ்வளவுதான் முடியும்’ என்று சொல்லத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். தகுதிச் சுற்றில் மிக வேகமானவரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் முடித்தவரே பந்தயத்தில் ஓடலாம் என்பது அப்போது அங்கே இருந்த விதி. முதல்வர் ஒரு சுற்றை 120 நொடியில் முடித்தால், மற்றவர் 128.4 நொடிக்குள் முடித்தாக வேண்டும். அந்த 8.4 நொடிக்குள்தான் ஒருவரின் இளமைப் பருவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எதிரே நின்ற ஸ்பெயின், இத்தாலிப் பிள்ளைகள் பள்ளி சேரும் வயதிலேயே குட்டி வண்டிகளில் ஓடத் தொடங்கியவர்கள். நம் பிள்ளைகள் அக்காலத்தில் பழகியவை அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டும் வண்டிகளைச் சற்றே மாற்றியமைத்தவை. பத்தாண்டுப் பயிற்சியின் குறையை ஒரு பருவத்தின் துணிச்சலால் ஈடுசெய்ய எவராலும் முடியாது. வாசலைத் திறந்தவர் என்ற புகழ் அவருக்கு உரியது. ஏணி வைக்காமல் வாசலை மட்டும் காட்டிய குறை நம்முடையது.

அதற்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1982 முதலே பந்தயப் பிரிவு நடத்திவரும் டி.வி.எஸ். நிறுவனம், ஒரே வகை வண்டியில் அனைவரும் மோதும் போட்டிகளின் மூலம் பலரை உருவாக்கியது. பெண்களுக்கும் தனிப் பிரிவு வைத்தது. ஹோண்டா நிறுவனம் இளையோருக்கென்றே உருவாக்கப்பட்ட உண்மையான பந்தய வண்டிகளை இங்கே கொண்டுவந்தது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மண்தடத்தில் சறுக்கி ஓட்டும் பயிற்சியையே நடத்துகிறது. நான் முன்பு சொன்ன ஸ்பீட்வே கலைக்கு அது உடன்பிறப்பு. ஆயினும் இவை யாவும் உச்சியை நோக்கிய படிகள். அடியில் இருக்க வேண்டிய முதல் நான்கு படிகள், அதாவது ஊர்ச் சங்கம், மண்தடம், சிறு வண்டி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் ஆகியவை நம்மிடம் இல்லை. தேசியப் பந்தயத்தில் ஓட உரிமம் வேண்டும், தோலுடை வேண்டும், உயர்தரத் தலைக்கவசம் வேண்டும், மாற்று டயர்கள் வேண்டும், வண்டியை ஏற்றிச் செல்ல வாகனம் வேண்டும். சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் ஒரு மெக்கானிக் கடையில் உதவியாளாக இருக்கும் பையனுக்கு இருங்காட்டுக்கோட்டை முப்பது கி.மீ. அன்று. அது எட்டாத தொலைவு. ஜி.எஸ்.டி. சாலையோ வாசலிலேயே கிடக்கிறது. அதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்திற்குப் பின் தண்டனை கடுமையானது. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரலாம். இச்சட்டம் தேவையானதே. சாலையில் நடந்துபோகும் முதியவரின் உயிரை வைத்து விளையாட எவனுக்கும் உரிமை கிடையாது. ஆனால், ‘இங்கே ஓட்டாதே’ என்று மட்டும் சொல்லும் சமுதாயம், ‘அங்கே வந்து ஓட்டு’ என்று சொல்லாதவரை பாதிக் கடமையைத்தான் செய்கிறது.

இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. ஏறுதழுவுதலை ஒழுங்குபடுத்த 2009-இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. முன் அனுமதி, தடுப்பு வேலி, மருத்துவக் குழு என்று விதிகள் வந்தன. அதைப் பற்றிய வழக்குகளும் வாதங்களும் நீண்டன. ஆயினும் ஆபத்தான விளையாட்டை ஊர் கூடி, அரசு முன்னின்று, விதிக்குள் நடத்த முடியும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதாக இல்லாமல் ஆயிற்று. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளையே அடைத்து, அரசின் ஆதரவோடு இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. கோடிகள் பெறும் கார்களுக்காக நகரின் நடுவே மூன்றரை கி.மீ. சாலையை ஒதுக்க முடியுமானால், புறநகர்ப் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு ஏக்கரில் ஒரு மண் வட்டம் அமைக்க முடியாதா?

இந்த இடத்தில் உங்களுள் சிலர் மனத்தில் எழும் மறுப்பை நானே எடுத்துச் சொல்கிறேன். தடத்தில் மட்டும் சாவு இல்லையா? உண்டு. 2023-ஆம் ஆண்டு நம் நெஞ்சை உலுக்கியது. ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் 59 வயதான மூத்த கார்ப் பந்தய வீரர் ஒருவர் விபத்தில் மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே தடத்தில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் போது பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிர் நீத்தான். எஞ்சியிருந்த பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. திறமையுள்ள பிள்ளை, பெரிய எதிர்காலம் உடையவன் என்று அறிந்தோர் எல்லாரும் எழுதினார்கள்.

இந்தச் சாவுக்கு முன் என் வாதம் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்பதை உணர்கிறேன். தடம் அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அவமதிப்பு. எத்தனை வயதில் எத்தனை என்ஜின்? பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ‘சம்மதம்’ என்பதற்கு என்ன பொருள்? தந்தையின் கனவு எங்கே முடிகிறது, மகனின் விருப்பம் எங்கே தொடங்குகிறது? இவை நாடு முழுவதும் கேட்க வேண்டிய கேள்விகள். விரைந்து விடை சொல்லிவிடக் கூடாதவை.

எனினும் ஒன்றைத் துணிந்து சொல்வேன். பிள்ளைகள் தார்த்தடத்தின் பெருவேகத்தில் தொடங்குவதைவிட, மண்ணில், சிறு வட்டத்தில், சிறு என்ஜினில் தொடங்குவது மேல். மண்ணில் விழுபவன் பெரும்பாலும் எழுந்து புழுதியைத் தட்டிக்கொள்கிறான். விழுவது எப்படி என்று கற்கிறான். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சவும் கற்கிறான். வள்ளுவப் பெருந்தகை அஞ்சுவதற்கு அஞ்சுவதை அறிவுடைமையில்தான் சேர்த்தார், கோழைமையில் சேர்க்கவில்லை. புல்வெளியில் பத்தாண்டு ஓடிய பிள்ளை அந்த அறிவோடுதான் பெரிய தடத்தில் கால் வைக்கிறான். ஏணியின் முதற்படிகள் இல்லாதபோது பிள்ளைகள் நேரே நடுப்படிக்குத் தாவுகிறார்கள். தாவுகிறவர்கள் தவறி விழுந்தால் தாங்குவதற்கு இடையில் ஒன்றுமில்லை.

ஆகவே இந்தப் பத்தாம் ஆண்டு விழாவில் மூன்று வேண்டுகோள்களை அவைமுன் வைக்கிறேன்.

முதலாவது, புறநகரில் ஒரு மண்தடம். தாம்பரம் இன்று மாநகராட்சி. பூங்காவும் நடைபாதையும் கேட்பதுபோல இதையும் நாம் கேட்கலாம். ஏரிப் புறம்போக்கில் வேண்டாம். நம் ஏரிகள் பட்ட பாடு போதும். மழைநீர் வடியும் மேட்டு நிலத்தில், குடியிருப்பிலிருந்து விலகி, முறையான வேலியோடும் பயிற்சியாளரோடும் முதலுதவி ஊர்தியோடும் அமைய வேண்டும். அருகிலுள்ள ஆலைகள் தம் சமூக நலப் பொறுப்பில் இதற்குக் கைகொடுத்தால் அது அவர்களுக்கும் பெருமை.

இரண்டாவது, காயமுற்ற வீரர்களுக்கு நிரந்தரமான ஒரு நிதி. பட்டம் வென்றவனுக்கு மாலை போட ஆயிரம் பேர் வருவார்கள். முதுகெலும்பு முறிந்து கட்டிலில் கிடப்பவனுக்கு மருந்து வாங்கித் தர ஓர் அமைப்பு வேண்டும். ரசிப்பவர்கள் கொடுக்கும் சிறுகாசிலேயே அது தொடங்கலாம்.

மூன்றாவது, நமக்கே உரியது. தமிழில் விளையாட்டு எழுத்து வளர வேண்டும். கிரிக்கெட்டையும் திரைப்படத்தையும் எழுதுகிற அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த வீரர்களைப் பற்றி நாம் எழுதுவதில்லை. சோழவரத்தில் ஓடியவர்களும், அவர்களின் வண்டிகளைத் திருத்திய மெக்கானிக்குகளும், கொடி பிடித்தவர்களும் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்களின் நினைவுகள் எழுதப்படாமலே மறைந்துகொண்டிருக்கின்றன. நம் வட்டத்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒருவரைத் தேடிச் சென்று, அவர் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதிவந்தால், அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறத்தக்க கட்டுரைகள் கிடைக்கும். பட்டறைகளில் புழங்கும் சொற்களைத் தொகுத்தாலே ஒரு சிறு அகராதி உருவாகும். ஒரு கலைக்குச் சொல் கிடைக்கும்போதுதான் அதற்கு மதிப்பும் கிடைக்கிறது. மதிப்பு கிடைத்த கலையை மறைவில், இருட்டில், காவலர் வரும்வரை ஓட்டிவிட்டு ஓட வேண்டிய தேவை இருக்காது.

வேகத்தை விரும்புவது இளமையின் இயல்பு. முல்லை நிலத்து இளைஞன் கொம்பின் முன் பாய்ந்ததும், இங்கிலாந்துப் பிள்ளை புல்வெளியில் சறுக்கியதும், நம் பையன் நள்ளிரவில் வண்டியை முறுக்குவதும் ஒரே வேட்கையின் வெவ்வேறு வடிவங்கள். முதலாமவனுக்குத் தொழுவம் இருந்தது, ஊர் சுற்றி நின்றது, புலவன் பாடினான். இரண்டாமவனுக்குத் தடம் இருந்தது, சங்கம் இருந்தது, உண்டியல் சுற்றியது. மூன்றாமவனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி. இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும் நாளில், நம் பகுதியிலிருந்து புறப்பட்ட ஓர் இளம் வீரனின் அல்லது வீராங்கனையின் வரலாறு அதில் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். அது இரங்கற்கட்டுரையாக இல்லாதிருக்க வேண்டும் என்பது என் வேண்டுதல்.